ஐம்பத்தாறு நாள் அவகாசம்

போன வாரம் சிதம்பரத்து வீட்டில் அலமாரியின் மேல்தட்டைத் துடைக்க ஏறினேன். ஏறக் கூடாத வயதில் ஏற வைப்பதற்கென்றே வீடுகளில் சில தட்டுகளை அமைக்கிறார்கள். பழைய தலையணை உறைகளுக்குப் பின்னால் ஒரு பொன்னாடை சுருண்டு கிடந்தது. கத்தரிப்பூ நிறம். ஜரிகைக் கரையைக் காணோம். கத்தரிக்கோலால் வெட்டிய கோணல் கோடு மட்டும் இருந்தது. முகர்ந்து பார்த்தேன். இத்தனை சலவைக்குப் பிறகும் புளித்த பாலும் ஈர முடியும் கலந்த அந்த வாடை லேசாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஏணியில் நின்றபடியே கொஞ்ச நேரம் அதை மூக்கில் வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, நான் அழுவதாக நினைத்துக்கொண்டு, நல்லவேளையாக நகர்ந்துவிட்டாள்.

பணி ஓய்வு பெறும் அரசு ஊழியருக்குக் கிடைப்பவற்றில் பொன்னாடையைப் போல எதற்கும் உதவாத பொருள் வேறு இல்லை. போர்த்திக்கொண்டால் கழுத்தை அறுக்கும். துடைத்தால் ஈரம் போகாது. தலையணை உறை தைக்கலாம் என்றால் தையல்காரர் சிரிப்பார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்ற அன்று என் தோளில் பதினேழு பொன்னாடைகள் விழுந்தன. ஒன்று, எனக்கு ஒருமுறை குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்த அதிகாரி போர்த்தியது. மேடையில் அவர்தான் என்னை மிக நீளமாகப் புகழ்ந்தார். இன்னொன்று, என்னிடம் விடுப்பு கேட்டுக் கேட்டு அலுத்துப்போன உதவியாளர் போர்த்தியது. போர்த்தும்போது கழுத்தில் கொஞ்சம் இறுக்கினாரோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு.

பதினேழும் இரண்டு ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்தன. பிறகுதான் அவற்றுக்கு ஒரு வேலை கிடைத்தது. நாலாக மடித்துப் போட்டால், குட்டி போட்ட பூனைக்கு அதைவிட நல்ல மெத்தை கிடையாது. ஜரிகையை மட்டும் வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் குட்டிகளின் நகம் மாட்டிக்கொள்ளும். குறிப்பாணை அதிகாரியின் பொன்னாடையை நான் எப்போதும் அடியில் விரிப்பேன். ஈரமெல்லாம் கடைசியில் போய்ச் சேரும் இடம் அது.

இந்தப் பூனை விவகாரம் ஓர் ஊசியில் ஆரம்பித்தது. சிதம்பரத்தில் ரேவதி என்றொரு பெண் இருந்தாள். காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் நெல் விளைவிக்கும் குடும்பம். இவள் தினமும் கடலூருக்கு வந்து ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். எனக்குச் சர்க்கரை பார்க்க ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"தனியாத்தானே இருக்கீங்க மேடம்? ஒரு தாய்ப்பூனையும் குட்டிங்களும் ரெண்டு மாசம் வச்சிக்கிறீங்களா?"

ஊசி கையில் இருக்கும்போது கேட்கப்படும் கேள்விக்கு மறுப்புத் தெரிவிக்க எந்த நடத்தை விதியிலும் வழி சொல்லப்படவில்லை. தலையாட்டிவிட்டேன்.

ரேவதியும் அவளுடைய சிநேகிதிகள் இரண்டு பேரும் சேர்ந்து இதைச் செய்துவந்தார்கள். சங்கம் இல்லை, பலகை இல்லை, ரப்பர் ஸ்டாம்ப் இல்லை. சாக்கடை ஓரத்திலும் பூட்டிய கடைக்குள்ளும் குட்டி போட்டு மாட்டிக்கொண்ட பூனைகளைத் தூக்கி வருவார்கள். குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆகும்வரை, அதாவது ஐம்பத்தாறு நாள், தாயும் பிள்ளைகளும் ஒரு வீட்டில் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கு முன்னால் பிரித்தால் குட்டி பிழைத்தாலும் பூனையாக வளராது. எவ்வளவு கடிக்கலாம், எப்போது விடலாம் என்பதெல்லாம் தாயிடம் அடி வாங்கித்தான் தெரிய வேண்டும். பிறகு குட்டிகளுக்கு வீடு பார்ப்பார்கள். தாய்க்குக் கருத்தடை அறுவை செய்து, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடுவார்கள். நடுவில் இருக்கும் அந்த வீடுதான் நான்.

நான் பூனைகளுக்குப் பெயர் வைக்கவில்லை. ரேவதிக்கு அதில் மனத்தாங்கல்.

"பாவம் மேடம், ஒரு பேரு வைங்க."

"பேர் வச்சா நிரந்தரப் பணியாளர் ஆயிடும். இதெல்லாம் தற்காலிக நியமனம்."

அலுவலகத்துக்கு வரும் ஒவ்வொரு தபாலுக்கும் ந.க. எண் என்று ஒன்று போடுவோம். அதையே இவர்களுக்கும் போட்டேன். முதல் தாய் ந.க. ஒன்று. அடுத்தவள் ந.க. இரண்டு. காலையில் சமையலறைத் தராசில் ஒவ்வொரு குட்டியையும் நிறுத்து, எண்ணுக்கு நேராக எடையை எழுதுவேன். பத்து கிராம் ஏறியிருந்தால் அன்று காப்பி நன்றாக இருக்கும்.

ந.க. மூன்றுதான் நான் சொல்ல வந்தது. புவனகிரியில் ஓர் அரிசி ஆலை. ஆலையை நிறுத்திவைத்திருந்த மாதத்தில், தவிடு கொட்டும் பெட்டிக்குள் இவள் ஐந்து குட்டிகள் போட்டுவிட்டாள். நெல் வந்துவிட்டது, திங்கட்கிழமை மோட்டாரைப் போடப் போகிறார்கள் என்ற நிலையில் ரேவதி போய்த் தூக்கி வந்தாள். சாம்பல் நிறம். ஒரு காது கிழிந்திருந்தது. மூக்கெல்லாம் தவிடு, என் வீட்டுக்கு வந்த முதல் நாள் முழுவதும் தும்மிக்கொண்டேயிருந்தாள். குட்டிகளுக்கு எட்டு நாள் ஆகியிருந்தது, கண் பாதி திறந்திருந்தது. ஐந்தாவது மற்றவற்றில் முக்கால் பங்குதான் இருந்தது. மூன்றின் கீழ் ஐந்து என்று அதை எழுதினேன்.

அப்போது நான் மஞ்சக்குப்பத்தில், பெரிய மைதானத்துக்குப் பின்னால், பதினாறு வீடுகள் கொண்ட ஓர் அடுக்கு மாடியில் இரண்டாம் தளத்தில் இருந்தேன். திருமணம் செய்துகொள்ளவில்லை, காரணத்தை எழுத்துமூலம் கேட்பவர்களுக்குத் தனியே பதில் அனுப்பப்படும். மாடிக்கு ஒரு குடியிருப்போர் சங்கம் உண்டு. செயலாளர் குணசேகரன். உரக்கடை நடத்தி, அதை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, அந்த ஓய்வைத் தாங்க முடியாமல் செயலாளர் ஆனவர். பொருளாளர் உதயகுமார், அவர் மனைவியின் தம்பி. ஆக, நிர்வாகக் குழு என்பது ஒரு சாப்பாட்டு மேசை.

ந.க. மூன்று வந்த மூன்றாம் நாள் குணசேகரன் கதவைத் தட்டினார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. பூனை சத்தம் ஜாஸ்தியா இருக்குதுன்னு கம்ப்ளெய்ன்ட்டு. எங்கேருந்து கொண்டாந்தீங்களோ அங்கியே வுட்டுடுங்க."

"யாரு கம்ப்ளெய்ன்ட்டு?"

"எல்லாரும்."

"எல்லாரும்னா எத்தினி பேரு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நானு. அப்புறம் மச்சான்."

"சரி சார். எழுத்துல குடுங்க."

கதவைச் சாத்திவிட்டு வந்து பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஐந்தும் வரிசையாகத் தாயின் வயிற்றில் ஒட்டியிருந்தன. சங்க விதி பதினான்கு சொல்வது இதுதான்: நிர்வாகக் குழுவின் முன் அனுமதியின்றி எவரும் தம் வீட்டில் விலங்கோ பறவையோ வைத்திருக்கக் கூடாது. எனக்கு அது மனப்பாடம். ஏனென்றால் அதை எழுதியதே நான். குடிவந்த புதிதில், "நீங்க ஆபீஸ்ல இருந்தவங்க, ரூல்ஸ் எழுதிக் குடுங்க மேடம்" என்று கேட்டார்கள். பாராட்டு மயக்கத்தில், அரசுக் குடியிருப்பு விதிகளைப் பார்த்து இருபத்திரண்டு விதிகளை ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தேன். யாரும் கேட்காத விதியையும் சேர்த்து எழுதினேன். உலகத்தில் ஒருவர் தன் காலுக்குத் தானே விலங்கு பூட்டி, சாவியையும் உரக்கடைக்காரரிடம் கொடுத்தது அநேகமாக அதுதான் முதல் முறை.

ஆனால், விதியை எழுதியவளுக்கு இன்னொன்றும் தெரியும். ஒரு விதியை மீறுவதற்கு வேண்டியது தைரியம். அதன்படி நடந்துகொண்டே நாளைக் கடத்துவதற்கு வேண்டியது அனுபவம். எனக்கு அனுபவம் முப்பத்தாறு ஆண்டுகள். அலுவலகத்தில் ஒரு மனுவை மறுப்பது ஆபத்து. மறுத்தவர் பெயர் கோப்பில் இருக்கும். விவரம் கேட்பது பாதுகாப்பு. அதையும் எல்லா விவரத்தையும் ஒரே கடிதத்தில் கேட்கக் கூடாது. ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து வாரிசுச் சான்றுக்காக ஓர் அம்மாள் ஏழு முறை பஸ் ஏறி வந்தார். ஒவ்வொரு முறையும் ஒரு தாள் குறைந்தது. ஏழாவது முறை அவர் என்னிடம், "இன்னும் என்னா தாயி வேணும், மொத்தமா சொல்லிடு" என்றார். நான் மொத்தமாகச் சொல்லவில்லை. அது என் பிரிவு இல்லை என்று அடுத்த மேசையைக் காட்டினேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. இருபத்தேழு வயதில் எனக்கு அது நடைமுறை என்று தெரிந்தது, கொடுமை என்று தெரியவில்லை. அந்தக் கலையை முதல் முறையாக ஓர் உயிரைக் காக்கப் பயன்படுத்தப் போகிறேன் என்று நினைத்தபோது கொஞ்சம் குஷியாகவே இருந்தது.

எனக்கு வேண்டியது நாற்பத்தாறு நாள். ஒரு நாள் குறைந்தாலும் அந்த ஐந்தாவது தேறாது.

குணசேகரனின் கடிதம் ஐந்து நாள் கழித்து வந்தது. அதில் தேதி இல்லை. தேதியிட்டு அனுப்பும்படி திருப்பியனுப்பினேன். இரண்டு நாள். அடுத்து வந்ததில் கையெழுத்துக்குக் கீழே பதவி இல்லை. அதைப் பெரிதுபடுத்தவில்லை, எதிரிக்கும் கொஞ்சம் நம்பிக்கை கொடுத்துவைக்க வேண்டும். முன் அனுமதி பெறாததை ஒப்புக்கொண்டு, பின்னேற்பு அனுமதி வேண்டி, அதாவது நடந்து முடிந்ததற்கு இப்போது அனுமதி தரச் சொல்லி, நான்கு பத்தியில் மனு எழுதினேன். கூடவே, முடிவெடுக்கும் முன் குழு நேரில் வந்து ஆய்வு செய்ய வேண்டும் என்று ஐந்தாவதாக ஒரு பத்தி. ஆய்வு என்றால் அதற்கு ஒரு நாள் குறிக்க வேண்டும், எல்லாரும் ஊரில் இருக்க வேண்டும், அறிக்கை எழுத வேண்டும். எப்படியும் பத்து நாள் போகும் என்பது என் கணிப்பு.

அங்கேதான் சறுக்கினேன். அவர்கள் அரசு ஊழியர்கள் இல்லை. மறுநாளே வந்துவிட்டார்கள்.

ஐந்து பேர். காலில் செருப்பு. உதயகுமார் போனைப் பெட்டிக்கு நேராகக் காட்டிப் பளிச் பளிச்சென்று படம் எடுத்தார். ஒருவர், "எங்க ஊட்ல கூட இப்பிடித்தான், தொரத்தி அடிச்சோம்" என்று நினைவுகளைப் பகிர்ந்துகொண்டார். குணசேகரன் குனிந்து எண்ணினார்.

"அஞ்சா, ஆறா?"

"தாயோட சேர்த்து ஆறு. எழுதிக்குங்க."

ந.க. மூன்று மூலையில் ஒட்டி, காதுகளை மடக்கி, கண்ணெல்லாம் கறுப்பாக உட்கார்ந்திருந்தாள். சீறக்கூட இல்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும். நான் வருகைப் பதிவில் அவர்களிடம் கையெழுத்து வாங்குவதில் மும்முரமாக இருந்தேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு மாதா கோயில் முதல் மணி அடித்தது. வேகவைத்த சங்கரா மீனோடு போனேன். பெட்டி காலி. பொன்னாடையில் ஐந்து சின்னக் குழிகள் மட்டும் இருந்தன. குளியலறை ஜன்னலில் ஒரு கண்ணாடிப் பட்டை விழுந்து பல மாதம் ஆகியிருந்தது. அந்த இடைவெளியில் சாம்பல் முடி ஒட்டியிருந்தது. வெளியே தளத்தைச் சுற்றி இடுப்பு வார் மாதிரி ஓடும் வெயில் தடுப்பு. அந்த ஓரடி அகலத்தில், ஒவ்வொன்றாகக் கழுத்தில் கவ்வி, ஐந்து நடை. மிரண்ட தாய் அதைத்தான் செய்வாள் என்று ரேவதி எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தாள். ஆய்வுக்கு ஆள் கூப்பிட்டது நான்.

ஐந்து நடை இல்லை, நான்கரைதான். படிக்கட்டு ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தபோது, வளைவில், ஏ.சி. இயந்திரத்துக்குப் பக்கத்தில் மூன்றின் கீழ் ஐந்து கிடந்தது. அறுபத்திரண்டு வயதில், நைட்டியோடு, படிக்கட்டு ஜன்னலில் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு அதை எடுத்தேன். பால்காரர் கீழே சைக்கிளை நிறுத்திவிட்டு, "மேடம், வேணாம் மேடம்" என்று கத்தினார். அவர் என்ன நினைத்துக் கத்தினார் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தக்காளி போல இருந்தது குட்டி. வாய் லேசாகத் திறந்து, அப்படியே நின்றிருந்தது. ரேவதிக்குப் போன் செய்தேன்.

"பால் குடுத்துடாதீங்க மேடம், ஜில்லுனு இருக்கும்போது குடுத்தா போயிடும். மொதல்ல சூடு. ஒடம்போட ஒடம்பா வச்சிக்குங்க. அவசரப்படாதீங்க."

நெஞ்சோடு வைத்து, மேலே துணி போட்டு, சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். அடுப்பு மேடையில் என் மனுவின் நகல் இருந்தது. 'குழு நேரில் ஆய்வு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.' நல்ல கையெழுத்து. முப்பத்தாறு வருஷமும் எல்லாரும் பாராட்டிய கையெழுத்து. ஏதாவது ஜெபம் சொல்லலாம் என்று பார்த்தேன்; எனக்கு வந்ததெல்லாம் 'மேற்படி', 'பொருட்டு' என்றே வந்தது. முக்கால் மணி நேரம் கழித்து ஏதோ ஒன்று என் தோலைக் கீறியது. நகம். அவ்வளவு சின்ன நகம்.

அந்த நேரத்தில் செயலாளர் வீட்டிலிருந்து குரல் வந்தது. அவருடைய வீடும் அதே தளம், வளைவுக்கு அந்தப் பக்கம்.

"ஏய் பரிமளா! பால்கனில என்னாடி இது? உள்ள போவ முடியல, கடிக்க வருது!"

குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய் மணியை அடித்தேன். அவர் மனைவி பரிமளாதான் கதவைத் திறந்தார். சொல்வதற்கு எனக்கு விதி எண் எதுவும் ஞாபகம் வரவில்லை.

"குளுருது, அதுக்கு" என்றேன்.

அவர் என் நைட்டியைப் பார்த்தார், உள்ளே அசைந்ததைப் பார்த்தார். "வாங்கக்கா" என்று கணவரைக் கையால் ஒதுக்கிவிட்டு பால்கனிக் கதவைத் திறந்தார்.

அங்கே ஒரு பெரிய அட்டைப்பெட்டி. சங்கத்தின் ஆவணக் காப்பகம் அதுதான். உறுப்பினர் பதிவேடு, தீர்மானப் புத்தகம், கடிதக் கோப்பு எல்லாம் அதற்குள். அவற்றின் மேல் ந.க. மூன்று நான்கு குட்டிகளோடு படுத்திருந்தாள். ஐந்தாவதை மெல்ல ஓரத்தில் வைத்தேன். முகர்ந்தாள். ஒரு நொடி. பிறகு அதைத் தன் பக்கம் இழுத்துப்போட்டு, கோபமாக நக்க ஆரம்பித்தாள். அது தலையை ஆட்டி ஆட்டித் தேடிப் பால் பிடித்தபோது பரிமளா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். என் மனுவின் மேல் ஒரு மஞ்சள் ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

"இப்ப இதுங்கள எடுத்துக்கினு போங்க மேடம்" என்றார் குணசேகரன்.

"முடியாது சார். மறுபடி நகத்தினா எங்கியாவது வுட்டுட்டு ஓடிடும். நாலு நாள் இங்கதான் இருக்கணும்."

"நாலு நாளா? என் ஊட்லயா?"

"ஆமா. முன் அனுமதி இல்லாம உங்க வீட்ல ஆறு விலங்கு இருக்குது. விதி பதினாலு. நான் எழுத்துல குடுக்கிறேன்."

கொடுத்தேன். தேதியோடு, பதவியோடு. பரிமளா அதை வாசலிலேயே வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார். "எழுதுங்கக்கா, இன்னும் நல்லா எழுதுங்க. முப்பது வருஷமா இவருகிட்ட நான் வாயாலதான் சொல்லிக்கினு இருக்கேன். ஒண்ணும் நடக்கல."

அந்த நான்கு நாளும் குணசேகரனால் பால்கனியில் சிகரெட் பிடிக்க முடியவில்லை. காலையும் மாலையும் நான் மீனோடு அந்த வீட்டுக்குப் போய்வந்தேன். அவர் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தபடி, "அந்தச் சின்னது குடிக்குதா?" என்று ஒருமுறை கேட்டார். பிறகு, கேட்டதற்காகத் தன்னையே கோபித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார். ஐந்தாம் நாள் பரிமளாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பெட்டியை அப்படியே என் வீட்டுக்குத் தூக்கிவந்தோம்.

"ஏய், ஃபைலு?" என்றார் குணசேகரன் பின்னாலிருந்து.

"ஃபைலும் பூனையும் சேந்துதான் போவும்" என்றார் பரிமளா.

இப்படியாக, பூனைகளை வெளியேற்றுவதற்கான கோப்பு என் பொறுப்பிலேயே வந்து சேர்ந்தது. பொதுக்குழுவைக் கூட்ட உறுப்பினர் பதிவேடு வேண்டும். பதிவேடு ந.க. மூன்றின் அடியில் இருந்தது. குணசேகரனும் உதயகுமாரும் இரண்டு தடவை வந்தார்கள். "தாராளமா எடுத்துக்குங்க சார்" என்று பெட்டியைக் காட்டினேன். முதல் தடவை அவள் சீறியதோடு நிறுத்திக்கொண்டாள். இரண்டாம் தடவை உதயகுமாரின் மணிக்கட்டில் மூன்று கோடு.

"மச்சான், வாங்க போலாம். இது ஆவாது" என்று அவர் படியில் முதலில் இறங்கிவிட்டார்.

முப்பத்தாறு வருஷத்தில் என்னால் ஒரு கோப்பை அவ்வளவு நாள் அவ்வளவு உறுதியாகப் பிடித்துவைக்க முடிந்ததில்லை. அவளுக்கு முன்னால் நான் வெறும் கற்றுக்குட்டி. குட்டிகள் திரையில் ஏறின, என் மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டன, விதிப் புத்தகத்தின் முதுகைக் கடித்தன. ஐந்தாவது ஒரு நாள் முப்பது கிராம் ஏறியது, தராசைத்தான் சந்தேகப்பட்டேன். நாட்கள் அப்படிப் போயின. குட்டிகள் பெட்டியை விட்டு நடமாடத் தொடங்கிய பிறகு, ஒரு மதியம் அவள் வெயிலில் தூங்கும்போது பரிமளாவே பதிவேட்டை உருவிக் கொண்டுபோய்க் கணவரிடம் கொடுத்தார். மூலையெல்லாம் அலையலையாகச் சுருண்டிருந்தது.

பொதுக்குழு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மொட்டை மாடியில் கூடியது. குட்டிகளுக்கு அன்று ஐம்பத்தெட்டு நாள். காலையிலேயே ரேவதி வந்து நான்கைக் கொண்டுபோயிருந்தாள். இரண்டு சிதம்பரத்தில் ஓர் ஆசிரியை வீட்டுக்கு, இரண்டு காட்டுமன்னார்கோயிலுக்கு. குணசேகரன் பதிவேட்டைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு பெயர் வாசித்தார். வாடை முதல் வரிசைவரை வந்தது. நான் எழுந்து, மனுவில் கண்ட குட்டிகளில் நான்கு போய்விட்டன, மீதிக் குட்டியும் தாயும் சில நாளில் போய்விடும் என்பதால் அனுமதி பற்றிய கேள்வியே எழவில்லை என்று சொல்லி உட்கார்ந்தேன். அலுவலகமாயிருந்தால் அத்தோடு கோப்பு முடிந்திருக்கும்.

"அதெல்லாம் சரி மேடம்" என்றார் உதயகுமார், மணிக்கட்டைத் தடவிக்கொண்டே. "இனிமே கொண்டார மாட்டேன்னு ஒரு லெட்டர் குடுத்துடுங்க. முடிஞ்சிது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என்னிடம் விதிகள் இருந்தன. அவகாசம் கேட்டிருக்கலாம். மாதிரிப் படிவம் கேட்டிருக்கலாம். யார் யாருக்கெல்லாம் இந்த உறுதிமொழி பொருந்தும் என்று விளக்கம் கேட்டு இன்னும் இரண்டு மாதம் ஓட்டியிருக்கலாம்.

"குடுக்க மாட்டேன்" என்றேன்.

"ஏன்?"

"இனிமேலும் கொண்டாருவேன். அதனாலதான்."

தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டது. யாரோ மோட்டாரை நிறுத்த எழுந்தார், அவர் பின்னால் இன்னொருவர் எழுந்தார், கூட்டம் அப்படியே கலைந்தது. தீர்மானம் ஒன்றும் போடப்படவில்லை. என் வாழ்நாளில் ஒரு கூட்டத்தில் விதி எண் சொல்லாமல் நான் பேசிய ஒரே பேச்சு அதுதான். ஐந்தாவது குட்டியை அன்றே பரிமளா எடுத்துக்கொண்டு போனார். நிர்வாகக் குழுவின் முன் அனுமதி பெற்றாரா என்று நான் விசாரிக்கவில்லை.

ந.க. மூன்று, அறுவை முடிந்து ஐந்து நாள் என் வீட்டில் இருந்தாள். அறை அறையாகப் போய்க் குட்டிகளைக் கூப்பிடுவாள். சண்டைக்குக் கூப்பிடும் குரல் இல்லை. சோறு வைத்தாயிற்று வாங்க என்பது போல ஒரு குரல். சங்கத்தால் முடியாததை நாள் கணக்குப் பார்த்து நான்தான் செய்திருந்தேன். ஐம்பத்தாறு நாள் என்பது எங்கள் விதி, அவளிடம் யாரும் கேட்கவில்லை. நான் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். எழுந்து போகவில்லை. அவளோடு அதையாவது செய்ய வேண்டும் என்று இருந்தது.

ஆறாம் நாள் புவனகிரிக்குக் கொண்டுபோனோம். ஆலை ஓடிக்கொண்டிருந்தது. கூடையைத் திறந்ததும் நின்று தும்மினாள். பிறகு தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில், வாலை நிமிர்த்திக்கொண்டு, தன் வீட்டுக்குள் போகிறவள் போலப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. யாருக்கும் எந்த உறுதிமொழியும் கொடுக்காதவள்.

அதன் பிறகும் நான்கு ஆண்டுகள் அதே மாடியில் இருந்தேன். பதினொரு தாய்கள் வந்து போனார்கள். ஒவ்வொரு முறையும் கூடையை மறைக்காமல், முன்படி வழியாக, குணசேகரன் வீட்டு வாசலைக் கடந்துதான் கொண்டுபோனேன். கடைசியில் என்னை அங்கிருந்து கிளப்பியது சங்கம் இல்லை, முழங்கால். சிதம்பரத்தில் இந்தத் தரைத்தள வீட்டுக்கு வந்தேன். இங்கே என்னை யாரும் எதிர்க்கவில்லை. கொண்டுவருவதற்கும் யாரும் இல்லை. ரேவதி மஸ்கட்டில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குப் போய்விட்டாள். சிநேகிதிகளில் ஒருத்திக்குத் திருமணம், இன்னொருத்தியின் எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. இப்போது எனக்கு ரத்தம் எடுக்கும் பெண் போனில் பாட்டுக் கேட்டபடி ஊசி போடுகிறாள். ஒன்றும் கேட்பதில்லை.

மூன்று மாதத்துக்கு முன் பழைய அலுவலகத் தோழி ஒருத்தியின் மகளுக்குக் கல்யாணம். மாதா கோயிலில் பூசை முடிந்து, விருந்து புவனகிரியில். ஆட்டோவிலிருந்து இறங்கியபோதுதான் தெரிந்தது, அது ஆலை இருந்த இடம். கண்ணாடி முகப்பு வைத்து, குளிரூட்டிய மண்டபம் ஆக்கியிருக்கிறார்கள். வாசலில் பன்னீர் தெளித்தார்கள். உமி வாடை எங்கேயும் இல்லை. பந்தியில் உட்காருவதற்கு முன் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். தவிடு கொட்டும் பெட்டி இருந்த மூலையில் ஜெனரேட்டர் நின்றது. தரை முழுக்க சிமெண்ட், கழுவிவிட்டது. வழி தவறி வந்துவிட்டேன் என்று நினைத்து மண்டப மேலாளர் ஓடிவந்தார்.

"இங்க பூனை ஒண்ணு இருந்துது" என்றேன்.

"சேச்சே, ஒண்ணு கூட கெடையாதும்மா" என்றார் பெருமையாக. "எலி, பூனை எதுவுமே உள்ள வராது. அவ்ளோ நீட்டா வச்சிருக்கோம்."

உள்ளே போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன். பிரியாணியிலிருந்த கோழித் துண்டில் மசாலாவைத் தண்ணீரில் அலசினேன். பக்கத்தில் இருந்தவர் பார்த்தார், பார்க்கட்டும். எலும்பை எடுத்துவிட்டு, கறியை மட்டும் வாழை இலைக் கிழிசலில் மடித்துக்கொண்டு மறுபடியும் பின்பக்கம் போனேன். மேலாளர் கைகட்டிக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குனிந்து, ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், அந்தச் சுத்தமான தரையில் அதை வைத்துவிட்டு வந்தேன்.